ஈஸ்டருக்குக் கறுப்பு

"ஈஸ்டருக்குக் கறுப்பா? ஏசு உயிரோட எழுந்த நாளா, இல்ல இன்னொரு தடவை செத்த நாளா?"

எக்குவா கேட்டதும், மீன் புகையப் போட்டிருந்த அடுப்புகளைச் சுற்றி நின்ற பெண்கள் கொல்லென்று சிரித்தார்கள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

பெரிய வெள்ளிக்குக் கறுப்பு, ஈஸ்டருக்கு வெள்ளை. அந்தக் கடற்கரையில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த வழக்கம். சர்ச் பாடகர் குழுவின் தலைவி மான்சா அதைப் போய் மாற்றியிருந்தாள். இந்த வருஷம் குழுப் பெண்கள் எல்லாரும் ஈஸ்டருக்கும் கறுப்புதான். ஏன் என்று கேட்டால், "சொன்னாச் செய்யுங்க" என்பதுதான் பதில்.

"புருஷன் போய் இன்னும் வருஷம் திரும்பல. அவ வெள்ளை கட்ட முடியாது. அதான், தன் வீட்டு எழவை நம்ம எல்லார் மேலயும் போர்த்தப் பாக்கறா" என்றாள் எக்குவா.

"அதானே! என் வீட்டுக்காரன் குத்துக்கல்லாட்டம் இருக்கான். என்ன, எவ வீட்ல இருக்கான்னுதான் தெரியாது" என்றாள் பக்கத்து அடுப்புக்காரி அபா.

மறுபடியும் சிரிப்பு.

எக்குவாவின் தங்கை அராபா மீனைத் திருப்பிப் போட்டபடி, "விடுக்கா. துணியில என்ன இருக்கு?" என்றாள்.

"நீ பேசாம இரு. தனிப்பாட்டு உன்னுது. ஊரே உன்னைத்தான் பாக்கும். கறுப்புல நின்னா காக்கா கத்தற மாதிரி இருக்கும்!"

தாய் போன பிறகு அராபாவைத் தூக்கி வளர்த்தவள் எக்குவாதான். அவள் பேச்சுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது.

விவகாரம் முற்றி, போதகர் முன்னால் பாடகர் குழு கூடியது. அராபா உடம்பு சரியில்லை என்று வீட்டிலேயே படுத்துவிட்டாள்.

"காரணத்தைச் சொல்லிடும்மா. பிரச்சினை இதோட முடிஞ்சிடும்" என்றார் போதகர்.

மான்சா தலை நிமிராமல் நின்றாள். "காரணம் இருக்கு ஐயா. அதைச் சொல்ற உரிமை எனக்கில்ல."

"ஏன், தேவதூதன் கனவுல வந்து ரகசியம் சொன்னாரா?" எக்குவா எழுந்தாள். "மான்சாக்கா, நேராவே சொல்றேன். அடுத்தவ சிரிச்சுக்கிட்டு நிக்கறது உங்களுக்குப் பொறுக்கல."

மான்சாவின் முகம் சுருங்கியது.

தலைவி யார் என்று கை தூக்கச் சொன்னார்கள். எல்லாக் கையும் எக்குவா பக்கம் உயர்ந்தது. மான்சா பாட்டு அறையின் சாவியைப் புதுத் தலைவியான எக்குவாவிடம் கொடுத்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னாள்: "அராபாவைப் பின் வரிசையில ஓரமா நிறுத்து. உட்கார ஒரு நாற்காலியும் போட்டு வை."

'பதவி போயும் பொறாமை போகல பாரு' என்று நினைத்துக்கொண்டாள் எக்குவா.

ஈஸ்டர் காலை. கொக்குக் கூட்டம் இறங்கியது போல் வெள்ளை வெளேரென்று நின்றது பாடகர் குழு. எல்லாருக்கும் முன்னால் அராபா. அவள் வாயைத் திறந்ததும் சர்ச்சே அடங்கிப் போனது. எக்குவாவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

மூன்றாவது சரணத்தில் குரல் இறங்கியது. எதிரே நின்ற எக்குவா கண்ணால் அதட்டினாள். தங்கையின் உதடு சாம்பல் பூத்திருந்தது. பின்னால் நின்ற அபா, "ஐயோ!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

அராபாவின் வெள்ளைத் துணியின் பின்பக்கம் முழுக்கச் சிவப்பு. பார்க்கப் பார்க்கப் பரவிக்கொண்டிருந்தது.

யாரும் அசையவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து மான்சா மட்டும் எழுந்து வந்தாள். தன் கறுப்பு மேல்துணியை அவிழ்த்து அராபாவின் இடுப்பைச் சுற்றிக் கட்டினாள். "பயப்படாதே. என் மேல சாஞ்சுக்கோ" என்று அணைத்து வெளியே நடத்திப் போனாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா எக்குவாவைக் கூப்பிட்டாள்.

"கர்ப்பப்பை நிறையக் கட்டி. மாசாமாசம் வெள்ளமா போயிருக்கு. உடம்புல ரத்தமே இல்ல. ஆபரேஷன் பண்ணிச் சரியாக்கிடலாம். ஆனா, ஒரே வீட்ல இருந்துக்கிட்டு உங்களுக்கு எப்படிம்மா தெரியாமப் போச்சு?"

எக்குவா கட்டிலோரம் போய் உட்கார்ந்தாள். கண் திறந்த தங்கையிடம், "மான்சாக்காவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"பாட்டுப் பயிற்சியில ஒரு நாள் பெஞ்செல்லாம் கறையாயிடுச்சு. அவங்கதான் துடைச்சுவிட்டாங்க. இனிமே பாட வரலன்னு அழுதேன். 'நீ பாடு, துணியை நான் பாத்துக்கறேன்'னாங்க. ஈஸ்டர் முடிஞ்சதும் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறதா இருந்தாங்க."

"அதை அவங்க வாயைத் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா? ஊர் நடுவுல என்கிட்ட அத்தனை பேச்சு வாங்கிக்கிட்டு..."

"உன் காதுக்குப் போகக் கூடாதுன்னு நான்தான் அவங்ககிட்ட சத்தியம் வாங்கினேன்க்கா."

"என் காதுக்கா? உன்னை இடுப்புல தூக்கி வளர்த்தவடி நான்! என்கிட்ட சொல்ல உனக்கு என்ன பயம்?"

அராபா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எதிர்வீட்டு டொக்குவாவுக்கு இதே மாதிரி போனப்ப, 'திருட்டுத்தனமா கருவைக் கலைச்சவளுக்குத்தான் இப்படிக் கொட்டும்'னு தெருவே கேக்கற மாதிரி சொன்னது நீதானேக்கா."