முள் இறங்கிய மதியம்

பெட்ரோல் பங்கின் தரைக்கடியில் முப்பது வருஷமாகப் புதைந்து கிடக்கும் டேங்க் கசிகிறதா என்று பார்க்க ஆய்வாளரம்மா வந்திருந்தார். டேங்கைக் காலி செய்து, காற்றை அடைத்து, மீட்டரை ஒரு மணி நேரம் பார்க்க வேண்டும். முள் அசையாமல் நின்றால் டேங்க் பிழைத்தது. இறங்கினால் தோண்டி எடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். தோண்டுவதற்குப் பொக்லைனும் வந்து நின்றது. பங்க்காரர் எப்போதும்போல் டேங்கின் இரும்பு மூடிமேல் ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றார்.

முள் இறங்கியது.

"பொழப்பே போச்சு மேடம்," என்றார் பங்க்காரர்.

"இருங்க. திரும்ப ஏறுது பாருங்க."

வெளியே போன காற்று எங்காவது தானாகத் திரும்பி வருமா? ஆய்வாளரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். இறங்க இரண்டு நிமிடம், ஏற இரண்டு நிமிடம், மாறி மாறி. வேறு மீட்டரை மாட்டினார். அதிலும் அதேதான்.

"என்னன்னு எழுதுவீங்க?"

"கசிஞ்சா திரும்ப ஏறாது. கசியலன்னா இறங்கவே இறங்காது. இதுக்கு ஃபாரத்துல கட்டமே இல்லைங்க."

காத்திருந்து அலுத்துப்போன பொக்லைன் டிரைவர் இன்ஜினைக் கிளப்பினார். தரை அதிர்ந்தது. பாதி ஏறியிருந்த முள், மூச்சைப் பிடித்துக்கொண்டதுபோல் அங்கேயே நின்றுவிட்டது.

ஆய்வாளரம்மாவுக்கு நாலு தெருவுக்குக் கேட்கும் குரல். அவர் வாயே திறக்காமல், நிறுத்தச் சொல்லிக் கையை மட்டும் காட்டினார். இன்ஜின் அடங்கியது. வெகுநேரம் கழித்து, விட்ட இடத்திலிருந்து முள் மெல்ல ஏறத் தொடங்கியது.

"வண்டியைத் தள்ளிக்கிட்டே வெளிய கொண்டுபோக முடியுமான்னு கேளுங்க," என்றார், கைக்குழந்தை தூங்கும் வீட்டில் பேசுவதுபோல.

பங்க்காரர் மூடிமேல் ஊன்றியிருந்த காலை மெதுவாக எடுத்துக்கொண்டிருந்தார்.