பின்சீட்டின் ஞாபகம்

கணவன் கிளாட்வினின் பைக்கை வீட்டு போர்டிகோவிலேயே அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றி மாட்டியவள் மெட்டில்டா. பின்னால் உட்காருபவரை ஞாபகம் வைத்துத் தன்னைத்தானே டியூன் செய்துகொண்டு, அவரோடு பேசவும் செய்யும் ஷாக் அப்சார்பரையும் போட்டாள். அதைப் போட்டதிலிருந்து ஒரு மாதமாக அவள் கேட்டுக் கேட்டு, இன்றுதான் அவன் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டான். அவள் இருபக்கமும் கால்போட்டு உட்கார்ந்ததும் வண்டி கேட்டது:

"இன்னைக்கு ஒருபக்கமா உக்காரலையா?"

மெட்டில்டாவுக்குச் சுருக்கென்றது. அவள் ஒருநாளும் ஒருபக்கமாக உட்கார்ந்ததில்லை.

"யாருங்க அது?"

"ஷாக் அப்சார்பர் பழசுல்லா? முன்ன வச்சிருந்தவன் பொண்டாட்டியா இருக்கும்," என்றான் கிளாட்வின், திரும்பிப் பார்க்காமலே.

"இருக்கும், இருக்கும்," என்றாள், அதன் கம்பெனி உறையைத் தன் பல்லால் கடித்துப் பிரித்தவள்.