கொழுந்து வரிசையில் ஒரு நடிகை

முந்நூறு கேமராக்களுக்கு நடுவே ஒரு சின்னத்திரை நடிகையை நான் காற்றில் கரைத்துவிட்டேன். "மூணு பேருதானே ரோட்டுல நிக்கிறானுங்க? இவளும் கரையலீங்கய்யா, இந்தா நிக்கிறா," என்று முணுமுணுக்கிறாள் வரிசையில் நிற்கும் கொழுந்துக்காரி நல்லம்மா. இந்தத் தேயிலைத் தோட்டத்தில் பென்சன் எடுத்த கிளார்க்கர் என்னை நம்ப மாட்டாளாம்! தோட்டத்து லய வீட்டில் நோயாய்க் கிடக்கும் தாயைப் பார்க்க ஒளிந்து வந்த நடிகை விஜிதா, அழுத முகத்தோடு கொழுந்து நிறுக்கும் வரிசையில் நிற்கிறாள். தலையில் முக்காடு, இடுப்பில் சாக்கு, முதுகில் கூடை, எல்லாம் என் ஏற்பாடு. அந்த அழுகையை யூடியூப்பில் போடத்தான் கேமராக்காரப் பையன்கள் பசறை டவுனிலிருந்து துரத்தி வந்திருக்கிறார்கள். பனி விலகுகிறது. தராசு யானையாய்ப் பிளிறுகிறது. ஐயோ, தலையில் மாட்ட வேண்டிய கூடைக் கயிற்றைப் பள்ளிக்கூடப் பை மாதிரித் தோளில் மாட்டியிருக்கிறாள்! கேமரா திரும்புகிறது. நல்லம்மா சட்டென்று கயிற்றை அவள் தலைக்கு ஏற்றி, "குனிஞ்சு நில்லு, புள்ள!" என்று அதட்டுகிறாள். கேமரா ஒவ்வொரு முகமாக மேய்ந்து, விஜிதாவையும் தாண்டிப் போகிறது. நல்லம்மா மூச்சை விடுகிறாள். "மெய்தாங்கய்யா. கரைச்சுப்புட்டீங்க."