முதல் பங்கு

மஸ்விங்கோ ஊர்ப் பாறையில், மூதாதையர் படையலுக்கான பீர் காய்ச்ச முளைகட்டி உலர்த்திய கேழ்வரகில் பாதியைக் காணவில்லை. மூதாதையர்க்குமுன் எவரேனும் வாய்வைத்தால் அத்தனையையும் கொட்டிவிட வேண்டும். முதன்முறையாகப் பொறுப்பேற்றிருந்த மருமகள் ரும்பிட்சாய் ஓடிப்போய் மாமியாரை அழைத்துவந்து காட்டினாள்.

"யாருடி தின்னது?" என்று அதட்டினாள் மாமியார்.

"முச்சினெரிப்பித் தாத்தா, அத்தை! தண்ணி மொண்டு வர்றதுக்குள்ள..."

"அவரா? விரட்டலையே நீ?"

"ஐயோ, கும்பிட்டேன்! அவரு பாட்டுக்கு மென்னுக்கிட்டே பாத்தாரு."

மாமியார் கைகொட்டிச் சிரித்தாள். "படையலே அவருக்குத்தானேடி! பொறுக்கமாட்டாம முதப் பங்கை எடுத்துக்கிட்டாரு. ஒண்ணும் கொட்ட வேணாம். உன் கைப்பக்குவம் தேறிடுச்சு!"

ரும்பிட்சாய்க்குப் போன உயிர் திரும்பியது.

பாறைமேல், மறைந்த தாத்தாவின் பெயரைச் சூட்டி, அவராகவே எண்ணிப் போற்றி வளர்க்கும் கருங்காளை நிம்மதியாக அசைபோட்டுக்கொண்டிருந்தது.