எழுபத்துமூன்றாம் துவக்கு

குருநகரில் கிறிஸ்ரினாவின் வீட்டு விறாந்தையில் அந்தத் துவக்கைக் கையில் வாங்கியதுமே ஆழ்வாப்பிள்ளைக்குத் துள்ளிக் குதிக்கலாம்போல் இருந்தது. முகத்தை மட்டும் கசாயம் குடித்தவர் மாதிரி வைத்துக்கொண்டார்.

குருவி, காகம் சுடும் பழைய காற்றுத் துவக்குச் சேர்ப்பதில் மனிதருக்குப் பைத்தியம். கொம்பனிக்காரர் முதல் துவக்கிலிருந்து வரிசையாக இலக்கம் அடிப்பார்கள். இலக்கம் சிறிதானால் துவக்கு மூத்தது. சேர்ப்பவர்கள் அதற்குத்தான் உயிரை விடுவார்கள்.

இதில் எழுபத்துமூன்று! அரம் படாத அசல் அச்சு. எத்தனை வீடு ஏறி இறங்கித் தேடியிருப்பார்!

"மாமா காகம் கலைச்ச துவக்கு ஐயா. கருவாட்டிலை ஒண்டையும் இருக்க விடமாட்டார். நல்லதோ?" என்று கேட்டாள் கிறிஸ்ரினா.

"எங்கை பிள்ளை... இலக்கத்தைப் பார், வெறும் எழுபத்துமூண்டு. ஆயிரக்கணக்கிலை இருந்தால்தான் மதிப்பு. இதைக் கொண்டுபோனால் என்ரை கூட்டாளியள் சிரிப்பினம்."

கூசாமல் சொன்னார். அவள் முகம் வாடிவிட்டது.

"ஐயோ, கோப்பாயிலையிருந்து இந்த வெயிலுக்கை சைக்கிள் உழக்கி வந்தனியளே!" என்று சோடா உடைத்துக் கொடுத்தாள்.

ஆசையைக் காட்டினால் விலை ஏறிவிடும் என்பது ஆழ்வாப்பிள்ளையின் கணக்கு. "யோசிச்சுப்போட்டு நாளைக்கு வாறன்" என்று எழும்பினார். படலையைத் தாண்டியதும் சீட்டியடித்துக்கொண்டே சைக்கிளை மிதித்தார்.

மறுநாள் கிறிஸ்ரினா வாய் நிறையச் சிரிப்போடு வாசலிலேயே நின்றாள். பேப்பரில் சுற்றிய துவக்கை அவர் கையில் வைத்தாள்.

"பிரிச்சுப் பாருங்கோ ஐயா!"

பிரித்தார். 73 இருந்த இடத்தில், பளபளவென்று 73600.

"என்ரை மனுசன் மீன்பிடி வள்ள இஞ்சின் திருத்திறவரெல்லே. பாகங்கள் மாறிப்போகாமல் இலக்கம் அடிக்கிற அச்சு வைச்சிருக்கிறார். அவரைக் கொண்டு பக்கத்திலை மூண்டு இலக்கம் கூட்டி அடிப்பிச்சனான். இனி உங்கடை கூட்டாளியள் சிரிக்கட்டும் பாப்பம்!"

ஆழ்வாப்பிள்ளைக்கு அழுகை வந்தது. என்னவென்று சொல்லி அழுவது? சட்டைப் பைக்குள் கையை விட்டார்.

கிறிஸ்ரினா பதறிப்போய்த் தடுத்தாள்.

"காசு என்னத்துக்கு ஐயா? வாங்க வந்த இடத்திலையும் எந்த இலக்கத்துக்கு மதிப்பெண்டு ஒளிக்காமல் சொன்ன மனுசன் நீங்கள். சும்மா கொண்டுபோங்கோ!"