பாறைக்கு ஒரு கல்

மாமல்லபுரத்தில் நாலரை மணி வெயில் வெண்ணெய் உருண்டைப் பாறையின் ஒரு கன்னத்தில் மட்டும் மஞ்சளாக ஒட்டியிருக்கிறது. சரிவில் இதோ உருண்டுவிடுவேன் என்பதுபோல் நிற்கும் அதைத் தாங்கிப் பிடிப்பதாகப் பாவனை செய்து எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அச்சரப்பாக்கத்திலிருந்து வந்திருக்கும் ரெஜினா அதன் நிழலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கணவன் சின்னராசுவிடம் செல்போனை நீட்டுகிறாள். அவன் வாங்கவில்லை. இருபத்தாறு வருடமாக லாரி ஓட்டுகிறவன்; சரிவில் வண்டியை நிறுத்தினால் டயருக்குக் கல் வைக்காமல் நகரமாட்டான். எங்கிருந்தோ தேங்காய் அளவு கல் ஒன்றைக் கொண்டுவந்து, பாறைக்கு அடியில் வைத்து, செருப்புக் காலால் இரண்டு தட்டு தட்டுகிறான். “இன்னாய்யா பண்ற?” என்கிறாள் ரெஜினா. “எறக்கத்துல நிக்குது. கல்லு வெக்காம எப்டி உட்டானுங்க?” “ஆயிரம் வருசத்துக்கு மேல நின்னுகினு கீது. நீ வந்ததும்தான் உருளப் போவுதா?” சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். கண்ணில் நீர் முட்ட அவளும் சிரிக்கிறாள். கடல்காற்றில் அவளுடைய புதுப்புடவை படபடக்கிறது. கல்லூரிப் பெண் ஒருத்தி செல்போனை வாங்கிக்கொள்ள, சின்னராசு மனைவிக்குப் பின்னால் போய்ப் பாறைக்குத் தோள் கொடுக்கிறான். குதிகாலை ஊன்றுகிறான். கழுத்து நரம்பு புடைக்கிறது. அந்தப் பெண் படம் எடுத்துச் செல்போனைத் திருப்பித் தந்துவிட்டாள். “போட்டோ புட்ச்சாச்சு, வா போலாம்,” என்கிறாள் ரெஜினா. அவன் தோளை எடுக்கவில்லை. “நீ மொதல்ல எய்ந்து அந்தாண்ட போ.”