ஒருத்தர் இருந்தாரு

ஐந்து நாட்களாகத் தபித்தாள் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. அதற்கு முந்தின நாள் அவள் ஆட்டோ ஸ்டாண்டில் நின்று நற்செய்தி சொன்னபோது, ஸ்டாண்டின் தலைவர் அழகுமலை அவளுடைய மைக்கைப் பிடுங்கித் தரையில் அடித்தார். "இனிமே இங்க அந்தப் பேரு கேட்டுச்சு, காலை ஒடிச்சிருவேன்" என்றார். மறுநாளும் அவள் வந்தாள். மைக் இல்லாமல், பெயரும் இல்லாமல், "ஒருத்தர் இருந்தாரு" என்று ஆரம்பித்தாள். சவாரி வராத மதியங்களில் டிரைவர்கள் ஒவ்வொருவராகப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்கள். தடை பெயருக்குத்தான், கதைக்கு இல்லை என்பதால் அழகுமலையும் தள்ளி நின்று பல் குத்திக்கொண்டே கேட்டார். தான் செய்வது சாமர்த்தியமா பயமா என்று தபித்தாளுக்கே தெரியவில்லை.

இன்று கதை, அவரைப் பிடித்துக்கொண்டு போன இரவுக்கு வந்திருந்தது. முற்றத்தில் தீ மூட்டிக் குளிர்காய்கிறார்கள். அவர் கூடவே திரிந்த நண்பன், "அந்த ஆளை எனக்குத் தெரியவே தெரியாது" என்று மூன்று தடவை சொல்கிறான்.

"தூ, பயந்தாங்கொள்ளி!" என்றார் ஒரு டிரைவர். "கூட உக்காந்து சாப்பிட்ட பய, எனக்கு வேண்டியவர்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன, உசுரா போயிரும்?"

எல்லாரும் சிரித்தார்கள். தபித்தாள் மட்டும் அன்று மைக் விழுந்த இடத்தைப் பார்த்தாள்.

"ஏன்க்கா நிறுத்திட்ட? பெறவு என்னாச்சு?"

அவள் எழுந்தாள். அழகுமலை டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பார்த்து நடந்து வந்தார்.

"எனக்கு அவரைத் தெரியும்" என்றாள். "அவர் பேரு இயேசு."